காற்றில் மூக்கு வரைவது

ஓர் ஆளின் அடையாளத்தைச் சொல்லச் சொன்னால் யாருக்கும் வாய் மட்டும் போதாது. நீள முகம் என்று சொல்லும்போதே இரண்டு உள்ளங்கைகளும் கன்ன ஓரமாக இறங்கி மோவாயில் வந்து சேர்கின்றன. மீசையைச் சொன்னால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மேலுதட்டின் நடுவிலிருந்து இரு பக்கமும் விலகுகின்றன. எடுப்பான மூக்கு, ஒட்டிய கன்னம், ஏறிய நெற்றி ஒவ்வொன்றுக்கும் கை தானாக ஒரு வடிவம் எடுக்கிறது. கேட்பவருக்கும் அது சட்டென்று விளங்கிவிடுகிறது.

அந்தக் கையசைவுகள் மறைந்து போகாமல், அசைந்த இடத்திலேயே கோடாகவும் பரப்பாகவும் நின்றுவிட்டால் ஒரு முகம் கிடைக்குமா? மெய்நிகர் உலகைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெறுங்கையால் முகம் வரைவது இப்போது சாத்தியமாகியிருக்கிறது. வரைபவர் முதலில் வியந்து போகிறார். எழுந்து அந்த முகத்தைச் சுற்றி நடந்து பக்கவாட்டிலிருந்து பார்த்ததும் திகைத்து நிற்கிறார். மூக்கு கன்னத்துக்குப் பின்னால் கிடக்கிறது. ஒரு கண் மற்றதைவிட நான்கு விரற்கடை முன்னே மிதக்கிறது. இதற்கான காரணங்கள் கை, கண், மூளை, கேமரா ஆகிய நான்கிலும் பரவிக் கிடக்கின்றன.

காற்றில் வரையும் ஆசை வி.ஆரைவிட மூத்தது. 1949-இல் ‘லைஃப்’ இதழின் புகைப்படக் கலைஞர் ஜோன் மிலி, தென் பிரான்சின் வல்லோரியில் இருந்த பிக்காசோவைப் பார்க்கப் போனார். காலணியில் சிறு விளக்குகளைப் பொருத்திக்கொண்டு பனித்தரையில் சறுக்குபவர்களை இருட்டில் எடுத்த படங்களை அவரிடம் காட்டினார். பிக்காசோவுக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரு சிறு மின்விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு இருட்டறையில் வரையத் தொடங்கிவிட்டார். காளை, பாதி மனிதனும் பாதிக் குதிரையுமான சென்டார், பக்கவாட்டு முகம் என ஒவ்வொன்றையும் ஒரே வீச்சில் வரைந்தார். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு கேமராக்களை மிலி வைத்திருந்தார். திறந்திருந்த ஷட்டர் வழியே கோடுகள் ஃபிலிமில் பதிந்தன. வரைந்தவர் கண்ணுக்கு முன்னால் எதுவும் நிற்கவில்லை. கண்ணை எங்கே தொடங்கினோம், மூக்கை எங்கே முடித்தோம் என்பதையெல்லாம் அவர் தோளும் மணிக்கட்டும்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்னால், பொறியியல் படித்துவிட்டுச் சிற்பியான அமெரிக்கர் அலெக்சாண்டர் கால்டர், பாரிஸில் இருந்தபோது கம்பியை வளைத்து மனிதர்களின் முகங்களைச் செய்தார். நெற்றியில் இறங்கும் கம்பி மூக்காக நீண்டு, திரும்பி, உதடாகச் சுழிக்கும். மேலிருந்து தொங்கவிட்டால் அந்த முகம் மெல்லத் திரும்பும். எந்தக் கோணத்திலும் அந்த ஆள் அந்த ஆளாகவே தெரிவார். வி.ஆர். ஓவியருக்கு முன்னால் இருக்கும் சோதனையும் இதுவேதான். ஆனால் கால்டரின் கம்பி விறைப்பானது. வளைக்க வளைக்க அது கையை எதிர்த்துத் தள்ளும். காற்று தள்ளாது.

கையைக் கணினிக்குப் புரியவைக்கும் முயற்சியின் வரலாறு நீளமானது. இங்கே சில மைல்கற்கள் போதும். 1968-இல் ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் முதல் கணினித் திரையைச் செய்துகாட்டினார். 1977-இல் சிகாகோவில் இருந்த இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு கையுறை உருவானது. ஒவ்வொரு விரலின் மேலும் வளையும் குழாய் ஒன்று ஓடும்; குழாயின் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளி உணரி. விரலை மடக்கினால் மறுமுனைக்குப் போகும் ஒளி குறையும். எண்பதுகளில் ஜேரன் லேனியரின் வி.பி.எல். நிறுவனம் ஒளியிழைகளைக் கொண்டு ‘டேட்டா குளோவ்’ செய்தது. 2013-இல் வந்த லீப் மோஷன் கருவி, கையுறையே வேண்டாம், அகச்சிவப்புக் கேமரா போதும் என்று காட்டியது. 2019 டிசம்பரில் ஓக்குலஸ் குவெஸ்ட் ஹெட்செட்டுக்கு வந்த மென்பொருள் மேம்பாட்டுக்குப் பிறகு, கையில் எதையும் பிடிக்காமல் வி.ஆருக்குள் நுழைவது சாதாரண வாடிக்கையாளருக்கும் கைகூடியது.

இன்றைய ஹெட்செட்டின் கேமராக்கள் கையைப் படம் பிடிக்கின்றன. ஏராளமான கைப்படங்களைக் கொண்டு பயிற்றுவித்த நரம்பியல் வலையமைப்பு, அந்தப் படத்தில் மூட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று ஊகிக்கிறது. மனிதக் கையில் 27 எலும்புகள். வி.ஆர். துறையின் பொதுத் தரமான ஓப்பன்-எக்ஸ்.ஆர். ஒவ்வொரு கைக்கும் 26 புள்ளிகளைக் குறிக்கிறது. இதில் ‘ஊகிக்கிறது’ என்ற சொல்லை நான் தெரிந்தேதான் எழுதுகிறேன். கையை முன்னால் நீட்டி ஆள்காட்டி விரலால் ஒரு புருவம் வரைந்து பாருங்கள். உங்கள் நெற்றியருகே இருக்கும் கேமராவுக்குத் தெரிவது புறங்கைதான். வரையும் விரல் நுனி முட்டிக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும். ஓவியருக்கு எந்த நுனி எல்லாமாக இருக்கிறதோ, அதைத்தான் கருவி மிகக் குறைவாகப் பார்க்கிறது.

அடுத்த சிக்கல் பென்சிலுக்கு இல்லாதது. பென்சில் தாளைத் தொட்டால் கோடு. தூக்கினால் கோடு இல்லை. காற்றில் கை எப்போது வரைகிறது, எப்போது சும்மா நகர்கிறது? இதைத் தீர்க்காவிட்டால் மூக்கைச் சொறியப் போன கையும் ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் போகும். தொட்டதெல்லாம் பொன்னான கிரேக்கக் கதையின் அரசன் பெயரால் ஆய்வாளர்கள் இதை ‘மைடாஸ் தொடுகை’ என்கிறார்கள். முட்டியை மடக்குதல், இரண்டு விரல் நீட்டுதல், உள்ளங்கையைத் திருப்புதல் என்று பல சைகைகள் சோதிக்கப்பட்டன. கடைசியில் வென்றது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடும் கிள்ளல். 2024 பிப்ரவரியில் வந்த ஆப்பிள் விஷன் புரோவின் அடிப்படைச் சைகையும் அதுதான்.

கிள்ளல் வென்றதற்கு நல்ல காரணம் இருக்கிறது. வெற்று வெளியில் விரலுக்குத் தொட எதுவும் கிடையாது, இன்னொரு விரலைத் தவிர. தொட்டேன், விட்டேன் என்ற உணர்வைத் தோலே தருகிறது. அதற்குத் தனி மோட்டார், அதிர்வு எதுவும் தேவையில்லை. கோலமாவை எடுக்கும் அதே இரண்டு விரல்கள்தான். அழுத்தமும் நெகிழ்வும் அவற்றுக்கு ஏற்கெனவே பழக்கம். விரல் நுனிகளுக்கு இடையிலான தொலைவை மென்பொருள் இடைவிடாமல் அளக்கிறது. தொலைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் கோடு தொடங்கும். கோடு முடிவதற்கு அதைவிடச் சற்றுப் பெரிய தொலைவு வைக்கப்படும். இரண்டுக்கும் ஒரே அளவை வைத்தால், எல்லையில் நிற்கும் விரல்களின் சிறு நடுக்கத்திலேயே கோடு துண்டு துண்டாகிவிடும்.

இவ்வளவு செய்தும் கண்ணின் கடைக்கோடியில் ஒரு தொல்லை வந்து நிற்கும். மேல் இமையை வளைவாக இழுத்து, காதுப் பக்கம் இருக்கும் முனையில் முடிக்கிறீர்கள். முடிக்க விரல்களைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் அந்தச் செயலே கையைச் சில மில்லிமீட்டர் நகர்த்திவிடுகிறது. கோட்டின் நுனியில் ஒரு சிறு கொக்கி முளைக்கிறது. அதனால் கண் சிரிக்கவேண்டிய இடத்தில் முறைக்கிறது. 2001-இல் வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் கிள்ளல் கையுறைகளோடு ஆய்வு செய்த டக் போமன் குழுவினர், அளக்கப் போனாலே அளவு மாறிவிடும் இயற்பியல் சங்கதியை நினைவூட்டும் வகையில் இதற்கு ‘ஹைசன்பர்க் விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். இதற்கு ஓர் எளிய வைத்தியம் உண்டு. விரல்கள் பிரியத் தொடங்கிய கணத்துக்குச் சற்று முந்தைய இடத்தைத் தேடிப்போய், கோட்டை அங்கேயே முடித்துவிடுவது.

பிறகு நடுக்கம். நல்ல உடல்நிலையில் இருப்பவரின் கையும் வினாடிக்கு 8 முதல் 12 முறை மெல்ல அதிர்ந்துகொண்டிருக்கும். தாளில் வரையும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி மேசையில் ஊன்றியிருப்பதால் அது தெரிவதில்லை. காற்றில் மொத்தக் கையும் தோளிலிருந்து தொங்குகிறது. கொஞ்ச நேரத்தில் தோள் கடுக்கும், நடுக்கம் கூடும். கேமராவின் ஊகப் பிழையும் இதோடு சேரும். நடுக்கத்தை வடிகட்டக் கோட்டை மென்மைப்படுத்தினால் கோடு கைக்குப் பின்தங்கிவிடும். 2012-இல் கேசியே, ரூசெல், வோகல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட ‘ஒன் யூரோ’ வடிப்பான் இந்த இழுபறியை அழகாகச் சமாளிக்கிறது. கை மெதுவாக நகரும்போது நிறைய வடிகட்டும். வேகமாக வீசும்போது கையை விட்டுவிடும். கண்மணியைச் சுற்றி மெல்ல வரும் விரலுக்கு நிதானம் வேண்டும், கூந்தலை வீசும் கைக்கு வேகம் வேண்டும் என்ற ஓவியரின் தேவையும் இதுவேதான்.

ஒரு மரத்தையோ மேகத்தையோ வரைந்தால் இந்தப் பிழைகள் பெரிதாகத் தெரியாது. கிளை அரை அங்குலம் தள்ளிப்போனாலும் மரம் மரம்தான். முகத்தில் அந்தச் சலுகை கிடையாது. 1997-இல் மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரும் அவரோடு பணியாற்றியவர்களும், முகங்களைப் பார்க்கும்போது தனித்து வேலை செய்யும் மூளைப் பகுதி ஒன்றைப் படம்பிடித்துக் காட்டினார்கள். நாம் கண்ணைத் தனியாக, வாயைத் தனியாகப் படிப்பதில்லை. அவற்றுக்கு இடையிலான தொலைவுகளை மொத்தமாகப் படிக்கிறோம். வயது வந்தவர்களின் இரு கண்மணிகளுக்கு நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் மூன்று நான்கு மில்லிமீட்டர் கூடினால் அவர் வேறு ஆள். காற்றில் வரையும் கைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் பிழை வெகு சாதாரணம்.

இப்போது மூக்குக்கு வருவோம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த புதிர் இதுதான். தாளில் நேர்முகம் வரையும்போது மூக்கை எப்படிக் காட்டுகிறோம்? ஒரு பக்கமாக இறங்கி அடியில் வளையும் ஒரு கோடு. அந்தக் கோடு உண்மையான மூக்கில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. பார்க்கும் இடத்திலிருந்து மூக்கின் பரப்பு வளைந்து மறையும் விளிம்பு அது. பார்ப்பவர் நகர்ந்தால் விளிம்பும் நகரும். தாளில் பார்ப்பவரின் இடம் ஓவியர் நிர்ணயித்தது, ஆகவே கோடு பொய் சொல்வதில்லை. வி.ஆரில் பார்ப்பவர் சுற்றி நடக்கிறார். நேரிலிருந்து மூக்காகத் தெரிந்த கோடு, பக்கவாட்டில் வெறும் வளைந்த குச்சியாக மாறிவிடுகிறது. கன்னத்தின் ஓரம், தாடையின் வெளிக்கோடு, மண்டையின் வட்டம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

முகத்தில் நிஜமான கோடுகளும் உண்டு. இமைகளின் ஓரம், உதடுகள் சேரும் பிளவு, புருவம், நாசித் துவாரத்தின் விளிம்பு, காதின் மடல். இவை எங்கிருந்து பார்த்தாலும் அதே இடத்தில் இருப்பவை. மூக்குத் தண்டின் மேடும் மூக்கிலிருந்து வாய்க்கோடிக்கு இறங்கும் மடிப்பும் ஏறத்தாழ அப்படித்தான். காற்றில் வரையும்போது கோட்டை இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தாளில் கற்ற பழக்கத்தைப் பாதி மறக்காமல் இது வராது. திறமையான ஓவியர்களும் முதல் நாளில் தடுமாறுவது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டிஸ்னி அனிமேஷன் படங்களில் ஏரியல், பீஸ்ட் ஆகிய பாத்திரங்களை உயிர்ப்பித்த கிளென் கீன், 2015-இல் எச்.டி.சி. வைவ் ஹெட்செட்டை அணிந்து, கையில் கட்டுப்பாட்டுக் கருவியோடு ‘டில்ட் பிரஷ்’ மென்பொருளில் அந்தப் பாத்திரங்களை ஆளுயரத்தில் வரையும் காணொளி ஒன்று இருக்கிறது. அதில் அவர் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. உருவத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே வரைகிறார். கண் எங்கெல்லாம் ஏமாறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கண் ஏமாறுவதற்கு உடலியல் காரணமும் உண்டு. கைக்கெட்டும் தொலைவில் மிதக்கும் முகத்தைப் பார்க்க இரு விழிகளும் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் ஹெட்செட்டின் வில்லை, படத்தை ஒரு மீட்டருக்கு அப்பால் இருப்பதுபோலக் குவியவைக்கிறது. விழி திரும்பும் அளவு ஒரு தொலைவைச் சொல்கிறது, விழிவில்லை குவியும் அளவு இன்னொரு தொலைவைச் சொல்கிறது. மூளை குழம்புகிறது. இடம் வலம், மேல் கீழ் ஆகியவற்றில் வரும் பிழையைவிட ஆழத்தில் வரும் பிழை பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூக்கு நுனி முகத்தளத்திலிருந்து முன்னே நிற்பது ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். சரியாக அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான் கை தவறுகிறது.

2017-இல் டொரொண்டோவைச் சேர்ந்த ராகுல் அரோராவும் குழுவினரும், ஒரே கோடுகளைத் தாளிலும் வி.ஆரிலும் வரையச் சொல்லி ஒப்பிட்டார்கள். துல்லியம் குறைவதற்கு முக்கியமான காரணம், கைக்கு அடியில் திடமான பரப்பு இல்லாததுதான் என்று கண்டார்கள். காற்றில் வழிகாட்டிக் கட்டங்களைக் காட்டினால் கோடு சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் கோட்டின் அழகு குறைந்தது. வழிகாட்டியைப் பார்த்துப் பார்த்து வரைந்த கை தயங்கியிருக்க வேண்டும்.

அப்படியானால் வெறுங்கை உருப்படாதா? உருப்படும், அதற்குரிய வேலையைக் கொடுத்தால். கோடாகாத பகுதிகளுக்கு உள்ளங்கை இருக்கிறது. 2001-இல் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் ஷ்கோல்னியும் சகாக்களும் ‘சர்ஃபேஸ் டிராயிங்’ என்ற முறையைக் காட்டினார்கள். கை நகரும் பாதையில் ஒரு கோடு விழாது, கையின் வளைவே ஒரு பரப்பாக நிற்கும். கையை லேசாகக் குவித்துக் கன்னத்தைத் தடவுவதுபோல இழுத்தால் கன்னம் கிடைக்கும். நன்றாக மடக்கி இழுத்தால் மூக்குத் தண்டு கிடைக்கும். ஆளை அடையாளம் சொல்லும்போது நம் கை செய்வதற்கு மிக அருகில் வருவது இந்த முறைதான். இது அன்றே பரவலாகியிருக்க வேண்டும். ஆனால் அன்று விலையுயர்ந்த கையுறையும் ஆய்வகமும் இதற்குத் தேவைப்பட்டன. இன்று கையின் 26 புள்ளிகளும் ஹெட்செட்டிலேயே கிடைத்தும், பெரும்பாலான மென்பொருள்கள் ஒன்றிரண்டு விரல் நுனிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற புள்ளிகளை வீணடிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இடக்கைக்கும் வேலை உண்டு. பிரான்சின் மார்செய் நகரில் ஆய்வு செய்த ஈவ் கியார் 1987-இல் இரு கைகளின் உறவைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். எழுதும்போது வலக்கைதான் வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் இடக்கை தாளை ஓயாமல் நகர்த்தித் திருப்பி, வலக்கைக்கு வசதியான இடத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. தாளை நகர்த்த விடாமல் தடுத்தால் எழுதும் வேகம் 20 சதவீதம் குறைகிறது. வி.ஆரில் இதை அப்படியே பின்பற்றலாம். இடக்கை முட்டியாக மடங்கினால் முகம் அதோடு ஒட்டிக்கொண்டு திரும்பும்; வலக்கை கிள்ளி வரையும். முகத்தைக் கையில் பிடித்துத் திருப்பிக்கொண்டே வரைபவருக்கு ஆழப் பிழை உடனுக்குடன் கண்ணில் படும். சுற்றி நடக்க வேண்டிய அவசியமும் குறையும்.

இவற்றையெல்லாம் தாண்டிச் செல்லும் ஒரு குறுக்குவழியும் இப்போது வேகமாக வந்துகொண்டிருக்கிறது. நாலு கோடு போட்டால் போதும், மீதி முகத்தைச் செயற்கை நுண்ணறிவே நிரப்பிவிடும். இதன் வேர் 1999-இல் ஜெர்மனியின் டியூபிங்கனில் பிளான்ஸ், வெட்டர் இருவரும் உருவாக்கிய முக மாதிரியில் இருக்கிறது. 100 ஆண்கள், 100 பெண்களின் தலைகளை லேசரால் அளந்து, சராசரி முகத்தையும் அதிலிருந்து முகங்கள் விலகும் திசைகளையும் கணக்கிட்டார்கள். வரைபவரின் கோணல் கோட்டை அந்தக் கணக்குக்குள் இழுத்துவந்தால் நம்பத்தகுந்த முகம் கிடைத்துவிடும். நடுக்கம், கொக்கி, ஆழப் பிழை எல்லாம் ஒரே அடியில் போய்விடும்.

எனக்கு இதில் பெரிய தயக்கம் இருக்கிறது. ஒருவரை அவராகக் காட்டுவது சராசரியிலிருந்து அவர் விலகும் இடங்கள்தான். சற்றே கோணிய மூக்கு, ஒரு பக்கம் ஏறிய புருவம், பல் போனதால் உள்ளே மடிந்த உதடு. சராசரியை நம்பும் கணக்கு இவற்றைக் கைப்பிழையாக நினைத்துத் திருத்திவிடக்கூடும். அந்த 200 பேரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் வெள்ளையர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதற்குப் பிறகு வந்த மாதிரிகள் பெரியவை, விரிந்தவை. ஆனாலும் உங்கள் பாட்டியின் முகத்தை வரையும்போது எந்த ஊர்ச் சராசரி அவர் முகத்தைத் திருத்துகிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நடுக்கத்தை வடிகட்டட்டும், கொக்கியை வெட்டட்டும். முகத்தைத் தீர்மானிக்கும் வேலை வரைபவரிடமே இருக்கட்டும்.

ஹெட்செட் கையில் கிடைத்து, முதன்முறை முகம் வரைய நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். தோளுக்குப் பாதிச் சுமை குறையும். முகத்தை நிஜ அளவைவிடப் பெரிதாக, இரண்டு மடங்காக வரையுங்கள். அதே கைப்பிழை அதில் பாதியாகிவிடும். நேர்முகத்தில் தொடங்காதீர்கள். நெற்றியிலிருந்து மோவாய் வரை பக்கவாட்டு நடுக்கோட்டை முதலில் இழுத்துவிட்டால், மூக்கின் ஆழம் தொடக்கத்திலேயே உறுதியாகிவிடும். அதன்பின் இமை, உதட்டுப் பிளவு, நாசி விளிம்பு. கன்னத்துக்கும் தாடைக்கும் வெளிக்கோடு போட வேண்டாம். மென்பொருளில் பரப்பு வரையும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். பார்ப்பவரின் மூளை அதை நிரப்பிக்கொள்ளும். ஐந்தாறு கோட்டுக்கு ஒருமுறை முகத்தை இடக்கையால் திருப்பிப் பாருங்கள். நுணுக்கமான உருவப்படம்தான் வேண்டுமென்றால், அழுத்தத்தை உணரும் நுனியோடு 2024-இல் வந்த லாஜிடெக்கின் எம்.எக்ஸ். இங்க் போன்ற வி.ஆர். பேனாவை வலக்கையில் எடுத்துக்கொண்டு, இடக்கையை வெறுங்கையாக வைத்துக்கொள்ள உங்கள் கருவி அனுமதிக்கிறதா என்று பாருங்கள். இன்றைய நிலையில் முகத்துக்கு மிகப் பொருத்தமான கூட்டணி அதுதான்.